குழந்தை உடம்பில் தடிப்பு: இன்றிரவே போக வேண்டுமா, காலை வரை பொறுக்கலாமா?

உங்கள் மகளுக்கு இருபது மாதம். மூன்று நாள் நல்ல காய்ச்சல் அடித்து, நேற்றுக் காலையோடு விட்டுவிட்டது. இன்று மாலை உடை மாற்றும்போது பார்த்தால் நெஞ்சு, வயிறு, கழுத்து எல்லாம் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள். அரிப்பு இல்லை, பால் குடிக்கிறாள், கொஞ்சம் சிணுங்கலைத் தவிர விளையாடவும் செய்கிறாள். இரண்டு நாளில் தானே போய்விடும் என்கிறார் மாமியார், இப்போதே கிளம்பலாம் என்கிறார் கணவர். "இது என்ன தடிப்பு, இவளை எப்போது மறுபடி காப்பகத்துக்கு அனுப்பலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் தெரிந்தால் நிம்மதிதான். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது வேறு என்று நினைக்கிறேன்: இன்றிரவே தூக்கிக்கொண்டு போவதா, காலை வரை பொறுப்பதா, போகாமலே இருந்துவிடலாமா? இதை முடிவு செய்யத் தடிப்பின் பெயர் தெரிய வேண்டியதில்லை. குழந்தை மருத்துவராகப் பல வருடங்கள் அவசரப் பிரிவில் இருந்திருக்கிறேன். அங்கே நாங்களும் பல நேரம் பெயர் தெரியாமலேதான் முதல் முடிவை எடுக்கிறோம்.

முதலில் உங்கள் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் வரிசை ரோசியோலாவுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஹெர்பிஸ் வைரஸ் வகை 6, சில நேரம் வகை 7, இதைக் கொண்டுவரும். மூன்று முதல் ஐந்து நாள் கடுமையான காய்ச்சல், அது விட்டதும் உடம்பின் நடுப்பகுதியில் பொடிப் புள்ளிகள், ஓரிரு நாளில் தடமில்லாமல் மறைவது என்பதுதான் அதன் வழக்கம். மருந்து எதுவும் தேவைப்படாது. காய்ச்சல் நாட்களில் சில குழந்தைகளுக்கு வலிப்பு வருவதுண்டு, அந்தக் கட்டத்தை அவள் தாண்டிவிட்டாள். ஆக, கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் இன்றிரவு அவளைத் தூங்க விடலாம் என்பது என் எண்ணம். ஆனால் இரண்டு விஷயம் நீங்கள் எழுதவில்லை. காய்ச்சலுக்கு ஏதாவது ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா? நீங்கள் இருப்பது டெங்கு பரவும் பகுதியா? டெங்கு என்றால் காய்ச்சல் விட்டது என்று மூச்சுவிட முடியாது. அதில் ஆபத்து தலைதூக்குவதே காய்ச்சல் இறங்கும் நேரத்தையொட்டிய ஓரிரு நாட்களில்தான். காய்ச்சல் போன பிறகு குழந்தை தெளியாமல் இன்னும் சோர்ந்தால், வயிறு வலிக்கிறது என்று அழுதால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தெரிந்தால், கை கால் சில்லிட்டால், அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். உங்கள் மகள் விளையாடுகிறாள் என்பது இந்த இடத்தில் பெரிய ஆறுதல்.

இப்போது பொதுவான வழி. தடிப்பைப் பார்ப்பதற்கு முன் குழந்தையைப் பாருங்கள். சொல்லும்போது எளிதாக இருக்கிறது, ஆனால் தடிப்பைக் கண்டதும் எல்லோருடைய கண்ணும் தோலிலேயே ஒட்டிக்கொள்ளும். குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கிறதா? தூக்கிச் சமாதானப்படுத்தினால் அழுகை அடங்குகிறதா? பிடித்த பொம்மையை நீட்டினால் கை நீள்கிறதா? இதற்கெல்லாம் ஆமாம் என்றால் பாதி பயம் போய்விட்டது. மாறாக, துவண்டு கிடக்கிறது, எழுப்பினாலும் கண்ணைத் திறந்து மறுபடி சொருகுகிறது, தூக்கினாலே வீறிடுகிறது, அழுகை வழக்கமில்லாத முனகலாக இருக்கிறது என்றால் தோலில் ஒரே ஒரு புள்ளி இருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் போக வேண்டும். மூச்சையும் பாருங்கள். ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணினால் 40 அல்லது அதற்கு மேல் வந்தால் அது வேகமான மூச்சு. விலா இடுக்குகள் உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். உடம்பு கொதிக்கும்போது கையும் காலும் மட்டும் ஐஸ் மாதிரி இருப்பதும், கால் வலிக்கிறது என்று நடக்க மறுப்பதும், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பதும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாத அறிகுறிகள்.

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எந்தக் குழந்தையும் சோர்ந்துதான் கிடக்கும். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துக் காய்ச்சல் சற்று இறங்கியதும் மறுபடி பாருங்கள். அப்போது எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிற குழந்தை வேறு, அப்போதும் துவண்டே கிடக்கிற குழந்தை வேறு. ஒன்றை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மருந்துக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்பது நோய் லேசானது என்பதற்குச் சாட்சி ஆகாது. இறங்கிய பிறகு குழந்தை எப்படி இருக்கிறது என்பதுதான் சாட்சி. அதே போல மேலே சொன்ன அறிகுறிகளில் ஏதாவது கண்ணில் பட்டால் மருந்து கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை, அப்படியே கிளம்பலாம்.

அடுத்தது அழுத்திப் பார்ப்பது. பக்கம் நேராக இருக்கும் ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்து, அதன் பக்கவாட்டைப் புள்ளிகள் மேல் நன்றாக அழுத்தி, கண்ணாடி வழியே பாருங்கள். பெரும்பாலான தடிப்புகள் அழுத்தும்போது வெளுத்துப்போகும், எடுத்ததும் திரும்ப வரும். அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்திருக்கின்றன, அவ்வளவுதான். அழுத்தியும் புள்ளி அப்படியே தெரிந்தால் ரத்தம் குழாயைவிட்டு வெளியே கசிந்து தோலுக்குள் நிற்கிறது என்று அர்த்தம். காய்ச்சலோ சோர்வோ உள்ள குழந்தையிடம் அழுத்தினால் மறையாத புள்ளிகள், அல்லது கருஞ்சிவப்புத் திட்டுகள் இருந்தால் அதில் விவாதமே கிடையாது. மெனிஞ்சோகாக்கஸ் போன்ற கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம், அது நாட்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் முற்றும். ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய நிலை இது.

இந்தச் சோதனையின் எல்லையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை மட்டும் நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. அதே மெனிஞ்சோகாக்கஸ் தடிப்பு தொடக்கத்தில் சாதாரணப் புள்ளி போல அழுத்தினால் மறையும், சில மணி நேரத்தில் மறையாததாக மாறும். அதனால் மறைகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு நிறுத்தக் கூடாது, குழந்தைக்கு உடம்பு சரியில்லாத வரை சில மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். புதுப் புள்ளிகளையும் சேர்த்துப் பாருங்கள். மறுபக்கம், பலமாக இருமியோ வாந்தி எடுத்தோ தலைக்கு ரத்தம் ஏறியதால் முகத்திலும் கழுத்திலும் மட்டும் நாலைந்து ஊசிமுனைப் புள்ளிகள் வருவதுண்டு. நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை, குழந்தையும் உற்சாகமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் பயமில்லை. இருந்தாலும் அது எனக்கே கண்ணால் பார்த்து, கொஞ்ச நேரம் வைத்திருந்து முடிவு செய்யும் விஷயம், அதனால் அன்றைக்கே காட்டிவிடச் சொல்வேன். காய்ச்சலே இல்லாமல், நன்றாக விளையாடும் குழந்தைக்கு உடம்பெங்கும் ஊசிமுனைப் புள்ளிகளும் அடிபடாத இடங்களில் கன்றிப்போன திட்டுகளும் வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். சளிக் காய்ச்சல் வந்து சில வாரம் கழித்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவது இப்படித்தான் வெளிப்படும். பிட்டத்திலும் கால்களிலும் தடித்த ஊதாப் புள்ளிகளோடு வயிற்று வலி, மூட்டு வலி என்றால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம், அதில் சிறுநீரையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு பேச்சு. இணையத்தில் கிடைக்கும் தடிப்புப் படங்களில் பெரும்பாலானவை வெளிர் நிறத் தோலில் எடுத்தவை. மாநிறத் தோலில், அதைவிடக் கறுத்த தோலில், சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதா, காப்பி நிறம், சாம்பல் பூத்தது போல, சில நேரம் சுற்றியிருக்கும் தோலைவிடச் சற்றுக் கறுப்பாக மட்டும் தெரியும். படத்தோடு ஒப்பிட்டு "அப்படி இல்லையே" என்று திருப்திப்படுவது இதனால்தான் ஆபத்து. விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பும் வீக்கமும் சூடும் கைக்குத் தெரியும். ரத்தப் புள்ளியைத் தேடுகிறீர்கள் என்றால் உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உட்புறம், வாயின் மேலண்ணம் ஆகிய வெளிர் இடங்களில் தேடுங்கள். பகல் வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. போன் டார்ச் எல்லாவற்றையும் வெளுத்துக் காட்டும்.

திடீரென்று எழும்பும் அரிப்புத் தடிப்புகள், கொசு கடித்தது போலத் தொடங்கி உள்ளங்கை அகலத்துக்குப் பரவுபவை, பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அவை மட்டும் இருந்தால் அவசரம் இல்லை. ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போடுங்கள். சில மணி நேரத்தில் அங்கே மறைந்து வேறு இடத்தில் முளைத்தால் அது அர்ட்டிகேரியா. இந்த வயதில் அதற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரண வைரஸ் தொற்று. எல்லோரும் உடனே நேற்றுச் சாப்பிட்டதைக் குற்றம் சொல்வார்கள், ஆனால் உணவு அலர்ஜி என்றால் பொதுவாகச் சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காட்டிவிடும். கவலைப்பட வேண்டியது தடிப்போடு வேறொன்று சேரும்போதுதான். நாக்கு வீங்குவது, குரலோ அழுகையோ கரகரப்பது, மூச்சில் விசில் சத்தம், திடீரென்று தொடர் வாந்தி, முகம் வெளுத்துத் துவள்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது அனஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து. அரிப்புக்குக் கொடுக்கும் சிரப் அதை நிறுத்தாது, கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் வீண். ஆம்புலன்ஸ் வரும் வரை குழந்தையைப் படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார்த்தி வைத்துக்கொள்ளுங்கள், நடக்கவோ நிற்கவோ விடாதீர்கள்.

காய்ச்சலும் தடிப்பும் எந்த வரிசையில் வந்தன என்பதை நாங்கள் துருவித் துருவிக் கேட்போம். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் போய்த் தடிப்பு வந்தது. தட்டம்மையில் இது தலைகீழ். இருமல், மூக்கொழுகல், சிவந்த கண்களோடு மூன்று நான்கு நாள் காய்ச்சல் இருக்கும், பிறகு காதுக்குப் பின்னாலும் நெற்றியிலும் தொடங்கித் தடிப்பு கீழே இறங்கும், அது வரும்போது காய்ச்சல் இன்னும் ஏறும். தடுப்பூசி விட்டுப்போன குழந்தையாக இருந்தால் இதை அன்றைக்கே காட்டுங்கள், ஆனால் போவதற்கு முன் போன் செய்து சொல்லிவிடுங்கள். அந்த வைரஸ் ஒரு அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை இருக்கக்கூடியது, காத்திருப்போர் இடத்தில் கைக்குழந்தைகள் இருப்பார்கள்.

ஐந்து நாளுக்கு மேல் விடாத காய்ச்சலோடு தடிப்பு இருந்தால் என் மனதில் முதலில் வருவது கவாசாகி நோய். 1967இல் ஜப்பானிய மருத்துவர் டொமிசாகு கவாசாகி விவரித்தது, பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வரும். பீளை இல்லாமல் சிவந்த கண், வெடித்துச் சிவந்த உதடு, வீங்கிய உள்ளங்கை உள்ளங்கால், கழுத்தில் ஒரு கட்டி, எதற்கும் சமாதானமாகாத எரிச்சல் இவற்றோடு, சில குழந்தைகளுக்குப் பிசிஜி தடுப்பூசி போட்ட தழும்பு புதிதாகச் சிவந்து தடிக்கும். எல்லாம் ஒரே நாளில் தெரியாது, ஒன்று வந்து மறைந்த பிறகு இன்னொன்று வரும். அதனால்தான் தினமும் ஒரு புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்கிறேன். கவனிக்காமல் விட்டால் ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் வீங்கிப் புடைக்கின்றன. முதல் பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் அது வெகுவாகக் குறைகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த அறிகுறிகள் பாதி கூடத் தெரியாமல் போகலாம் என்பதால், அந்த வயதில் காரணம் தெரியாத நீண்ட காய்ச்சலையே நாங்கள் சந்தேகத்தோடு பார்ப்போம்.

கொப்புளங்கள் வேறு கதை. கை, கால், வாயில் வரும் காக்ஸாக்கி வைரஸ் கொப்புளங்கள் ஒரு வாரம் பத்து நாளில் ஆறிவிடும். தொல்லை என்னவென்றால் வாய்ப்புண்ணால் குழந்தை தண்ணீர் குடிக்க மறுப்பது, அதைத்தான் கவனிக்க வேண்டும். சில வாரம் கழித்து நகம் கழன்றால் பதற வேண்டாம், புதிது வளரும். சின்னம்மையில் புள்ளி, நீர்க்கொப்புளம், காய்ந்த பொருக்கு எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். அதற்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், பாராசிட்டமால் போதும். ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் சிவந்து வீங்கி வலித்தாலோ, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, நடை தள்ளாடினாலோ காட்டுங்கள். ஏற்கெனவே எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் நோய்) இருக்கும் தோலில் திடீரென்று ஒரே அளவில் குத்தினாற்போன்ற புண்கள் கொத்தாக வந்து வலித்தால், அது உதட்டுப் புண்ணைக் கொண்டுவரும் வேறு வகை ஹெர்பிஸ் பரவுவதாக இருக்கலாம், அன்றைக்கே மருந்து தொடங்க வேண்டியது. தொட்டாலே வலித்து, வெந்நீர் பட்டது போலத் தோல் உரிந்தால், அல்லது வாய், கண், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் புண்ணோடு தடிப்பு வந்தால் நேரே அவசரப் பிரிவு.

ஆன்டிபயாடிக் கொடுத்தீர்களா என்று ஏன் கேட்டேன் என்றால், ரோசியோலாக் காய்ச்சலின் இரண்டாம் நாள் அமாக்ஸிசிலின் தொடங்கி, நான்காம் நாள் தடிப்பு வந்து, "இவளுக்குப் பென்சிலின் அலர்ஜி" என்று கோப்பில் எழுதி, அது ஆயுள் முழுக்கத் தொடர்வது அடிக்கடி நடக்கிறது. வைரஸால் வந்ததா, மருந்தால் வந்ததா என்று அன்றைக்குத் தோலைப் பார்த்து யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அடுத்த வேளை மருந்தைக் கொடுப்பதற்கு முன் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் பேசுங்கள், மருந்தின் பெயரையும் தொடங்கிய நாளையும் தடிப்பு வந்த நாளையும் குறித்து வையுங்கள், பின்னால் முறையாகச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிச் சோதிக்கும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அலர்ஜி இல்லை என்றே தெரியவரும்.

வியர்க்குரு, டயப்பர் புண், வறண்ட தோல் அரிப்பு, படை இதற்கெல்லாம் இரவில் ஓட வேண்டாம். டயப்பர் புண் துத்தநாகக் களிம்பு போட்டும் மூன்று நாளில் குறையாமல், தொடை இடுக்குக்குள் போய், ஓரங்களில் தனித்தனிப் புள்ளிகள் விட்டால் பூஞ்சை சேர்ந்திருக்கும், பகலில் காட்டலாம். வீட்டில் இருக்கிறதே என்று பெரியவர்களின் ஸ்டீராய்டு கலந்த களிம்பை மட்டும் தடவாதீர்கள். அது படையைத் தற்காலிகமாக அமுக்கி, உருவத்தை மாற்றி, பிறகு யாருக்கும் அடையாளம் தெரியாதபடி பரப்பிவிடும். தேன் நிறப் பொருக்கு கட்டும் புண், வீட்டில் எல்லோரும் ராத்திரியில் சொறிந்துகொள்வது, இவையும் பகல் வேலைதான். ஒரு இடம் மட்டும் சிவந்து சூடாக வலித்தால் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினால், அல்லது அது கண்ணைச் சுற்றி இருந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம்.

நான் எழுதியது எல்லாம் நடை பழகிய, மற்றபடி ஆரோக்கியமான குழந்தைக்குத்தான். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலே, தடிப்பு இருக்கிறதோ இல்லையோ, உடனே போக வேண்டும். புற்றுநோய் மருந்து, நீண்ட நாள் ஸ்டீராய்டு, எதிர்ப்புச் சக்தி குறைபாடு என்று இருக்கும் குழந்தைகளின் பெற்றோர் தங்கள் மருத்துவர் கொடுத்த விதியைப் பின்பற்ற வேண்டும், என்னுடையதை அல்ல.

சரி, இன்றிரவு என்ன செய்வது? டம்ளரால் அழுத்திப் பாருங்கள், மேலண்ணத்தையும் பாதத்தையும் பாருங்கள், ஒரு படம் எடுத்து வையுங்கள். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நடுவில் ஒரு முறை எழுந்து, தொட்டால் வழக்கம் போலச் சிணுங்கிப் புரள்கிறாளா என்று பாருங்கள். காலையில் தடிப்பு முகத்துக்கும் கைகளுக்கும் பரவியிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் காய்ச்சல் திரும்பினால், மூன்று நான்கு நாளுக்கு மேல் தடிப்பு நின்றால், அல்லது உங்களால் பெயர் சொல்ல முடியாவிட்டாலும் இவள் எப்போதும் போல இல்லை என்று தோன்றினால் காட்டுங்கள். அந்தத் தோன்றலை வைத்து வருகிற அம்மாவை நல்ல மருத்துவர் யாரும் கேலி செய்ய மாட்டார். காப்பகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்: இது ரோசியோலாதான் என்றால், மருந்தில்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகி, அவள் தெளிவாகவும் இருந்தால், தடிப்பு இருக்கும்போதே அனுப்பலாம். அங்கே இருப்பவர்கள் புள்ளிகளைப் பார்த்துத் திருப்பி அனுப்பக்கூடும், அதனால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.